பன்னிரண்டாவது முடிச்சுக்குப் பின்னால்

இரவு நடைக்குக் கயிறு வாங்குவதென்றால் பருத்திக் கயிறாகப் பார்த்து வாங்க வேண்டும், ஐயா. நைலான் பார்க்கப் பளபளப்பாக இருக்கும், மழையில் ஊறாது, பல வருஷம் உழைக்கும். ஆனால் வியர்த்த கையில் வழுக்கும். இழுபடும்போது கீச்சென்று ஒரு சின்னச் சத்தமும் போடும். நமக்குக் கேட்காது, ஆந்தைக்குக் கேட்கும். சில ஆந்தைகளுக்கு இரண்டு காதும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. ஒன்று சற்று மேலே, மற்றது சற்றுக் கீழே. ஒரே சத்தம் இரண்டு காதிலும் கொஞ்சம் வித்தியாசமாக விழும். அதை வைத்தே சருகுக்கு அடியில் ஓடுகிற எலி எங்கே இருக்கிறது என்று அது இருட்டில் கண்டுபிடித்துவிடும்.

நீங்கள் கேட்டது ஆந்தையைப் பற்றி இல்லை. தெரியும்.

உங்கள் மேசைமேல் சேற்றோடு கிடக்கிற கயிறு என்னுடையதுதான். இதில் எதற்குப் பன்னிரண்டு முடிச்சு, இரண்டு நுனியும் எதற்காகச் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கின்றன என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. இப்போதெல்லாம் இப்படி நின்று கேட்பவர்கள் குறைவு. முதல் பாதிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், இரண்டாம் பாதி தானாக வந்து சேரும்.

நீங்கள் இந்த மையத்துக்கு மேலாளராக வந்து ஆறு வாரம்தான் ஆகிறது. நீங்கள் பகலில் வருபவர், நான் இருட்டிய பிறகு வருபவன். அதனால் நேற்று இரவுவரை நாம் பார்த்துக்கொண்டதில்லை. நேற்றும் பார்த்துக்கொண்டோம் என்று சொல்ல முடியாது. இருட்டாக இருந்தது.

காட்டில் இரவு விலங்குகளைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது டார்ச். கொடுக்க மாட்டோம். மனிதக் கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். பழகிவிட்டால் வெறும் நட்சத்திர வெளிச்சத்தில் மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே அசைவது தெரியும். அந்த நேரத்தில் யாராவது மணி பார்க்கிறேன் என்று போனை எடுத்தால் போச்சு, எல்லார் கண்ணும் மறுபடி முதலிலிருந்து. ஆகவே டார்ச் கிடையாது, போன் கிடையாது. வழிகாட்டியிடம் மட்டும் ஒரு சிவப்பு விளக்கு. இரவில் நடமாடும் விலங்குகளில் பெரும்பாலானவற்றின் கண்ணுக்குச் சிவப்பு சரியாகப் பிடிபடாது.

வெளிச்சமில்லாமல் பன்னிரண்டு பேரைக் காட்டுக்குள் எப்படிக் கூட்டிப் போவது? அதற்குத்தான் கயிறு. இரண்டு எட்டுத் தூரத்துக்கு ஒரு முடிச்சு, ஒரு முடிச்சுக்கு ஓர் ஆள், முன் நுனி என் கையில். ஒரு தடவை இழுத்தால் நிற்க வேண்டும், இரண்டு தடவை என்றால் மேலே பார்க்க வேண்டும், மூன்று என்றால் திரும்ப வேண்டும். வருகிறவர்களிடம் பெயர் கேட்பதில்லை. ஐந்தாம் முடிச்சு, எட்டாம் முடிச்சு, அவ்வளவுதான். முகமே தெரியாதவர்களுக்குப் பெயர் எதற்கு.

இப்படியே பதினொரு வருஷம் ஓடியது. பிறகு உங்கள் சுற்றறிக்கை வந்தது.

உங்களைக் குறை சொல்லவில்லை. இரண்டு நடைகளை ஒன்றாக்குவது, இரண்டு வழிகாட்டிகளில் ஒருவரை வைத்துக்கொள்வது, பருவத்தின் கடைசி நாற்பது இரவில் யாருடைய குழு அதிக விலங்குகளைப் பார்க்கிறதோ அவருக்கே வேலை என்பது, எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. தோற்பவருக்கு வண்டி நிறுத்துமிடத்தில் பகல் வேலை, ஒரு விசிலும் தருவோம் என்று எழுதியிருந்தீர்கள். விசிலைப் பற்றிக் கூட எனக்கு வருத்தமில்லை. ஆனால் பகலில் எல்லாருக்கும் எல்லாம் தெரிகிறது, ஐயா. காரைப் பின்னால் எடுக்கிற ஒருவருக்கு நான் எதை விளக்குவேன்? வா, வா, வா, நில். அதோடு முடிந்தது. எனக்கு அந்த இருட்டு வேண்டும். பின்னால் பன்னிரண்டு பேர், ஒருவருக்கும் ஒன்றும் தெரியாத இடம், எனக்கு மட்டும் எல்லாம் தெரிந்த நிலைமை. அது இல்லாமல் நான் என்ன செய்வேன் என்று நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

இன்னொரு வழிகாட்டி என் மைத்துனன். வேலை வாங்கிக் கொடுத்தது நான். என் மனைவியின் தம்பி என்பதற்காக மட்டும் கொடுக்கவில்லை, வேறு எந்த வேலைக்கும் அவன் லாயக்கில்லை என்பதும் ஒரு காரணம். அவன் வாயிலிருந்து ஒரு வாக்கியத்தைப் பிடுங்க வேண்டுமென்றால் பல் மருத்துவர்தான் வர வேண்டும். முழு நடையிலும் அவன் தரும் விளக்கம் ஒரே சொல். ஏதாவது விலங்கு தெரிந்தால் கையை நீட்டி, "அதோ" என்பான். அது என்ன, ஏன் அங்கே இருக்கிறது, அதன் கண் ஏன் மின்னுகிறது, ஒன்றும் சொல்ல மாட்டான். கண்ணுக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கிறது, உள்ளே வந்த ஒளியை அது திருப்பி அனுப்புகிறது, அதனால்தான் மின்னுகிறது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் பதினாறு நிமிடத்தில் சொல்லிவிடுவேன்.

நடை முடிந்ததும் இரண்டு குழுவும் தேநீர்க் கூடத்தில் உட்காரும். பார்த்ததைச் சீட்டில் எழுதித் தருவார்கள். பலகையில் சுண்ணக்கட்டியால் கூட்டிப் போடுவோம். முதல் பத்து இரவு முடிந்தபோது அவன் பக்கம் முப்பத்தெட்டு. முள்ளம்பன்றி, மரநாய், இரண்டு வகை ஆந்தை. என் பக்கம் ஒரு தவளை.

அந்தத் தவளையும் நாங்கள் பார்த்ததில்லை. அதுவாக வந்து ஒன்பதாம் முடிச்சின் காலணிக்குள் உட்கார்ந்திருக்கிறது. அவர் கூடத்தில் காலணியைக் கழற்றியபோது தெரிந்தது. ஆனாலும் எழுதிக்கொண்டேன்.

காரணம் சத்தம்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரவு விலங்கு காதால் வாழ்வது. ஆகவே முதலில் என்னைச் சோதித்தேன். எதிலும் முதலில் தன்னைச் சோதிப்பதுதான் நேர்மை. சாவிக்கொத்தை வீட்டில் வைத்தேன். சட்டைப் பொத்தான்களுக்குத் துணி சுற்றினேன். முழங்காலில் சொடக்கு விழுகிறதா என்று என் மனைவியைக் காது வைத்துக் கேட்கச் சொன்னேன். விழவில்லை. செருப்பை மாற்றித் துணிக் காலணி போட்டேன். கிசுகிசுப்பதையும் அடியோடு நிறுத்தினேன். பலருக்கு இது தெரியாது. கிசுகிசுப்பில் காற்று உரசுகிற கூரிய ஒலிகள்தான் நிறைய, சின்னக் காதுள்ள பிராணிகளுக்கு அந்த மாதிரி ஒலிகள்தான் சட்டென்று கேட்கும். ஆகவே அன்றிலிருந்து எல்லா விளக்கத்தையும் சாதாரணக் குரலில், நிதானமாக, பன்னிரண்டாம் முடிச்சுக்கும் தெளிவாகக் கேட்கும்படி சொல்லத் தொடங்கினேன்.

ஒரு மாற்றமும் இல்லை. அந்தத் தவளை கூட வரவில்லை.

அந்த வாரம் ஒரு மாலை, நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"காட்டுக்குள்ள போனதும் கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு நடந்து பாருங்களேன்."

என்னைப் போல இத்தனை வருஷம் யோசிக்கிறவனுக்கே தோன்றாதது அவளுக்குத் தோன்றியிருக்கிறது. நான் வாயால் மூச்சு விடுகிறேன். அதைக் கவனித்திருக்கிறாள். மூக்கால் விட்டால் சத்தம் பாதிதான். அன்றிலிருந்து ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே வாயை மூடி, மூக்கால் மூச்சு இழுத்து, அடுத்த வாக்கியத்தைத் தொடங்கினேன். நன்றி சொன்னேன். அவள் மடித்த துணியையே மறுபடி மடித்தாள்.

அப்படியும் விலங்கு வரவில்லையென்றால் என்ன அர்த்தம்? என்னிடம் சத்தம் இல்லை. விலங்கு ஓடுகிறது. ஆகவே சத்தம் எனக்குப் பின்னால் இருக்கிறது. முதல் முடிச்சுக்கும் பன்னிரண்டாம் முடிச்சுக்கும் இடையில் எங்கோ.

வீட்டில் அடிக்கடி மின்சாரம் நின்றுபோனால் எலக்ட்ரீஷியன் என்ன செய்வார்? ஒவ்வொரு சாமானாகப் பிடுங்கிவிட்டுப் பார்ப்பார். எதைப் பிடுங்கியதும் நிற்காமல் ஓடுகிறதோ அதில்தான் கோளாறு. என்னிடம் இருந்ததும் ஒரே கம்பியில் செருகிய பன்னிரண்டு சாமான்கள்தான். எதைப் பிடுங்குவது, பிடுங்கியதை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

அதற்குப் பாலம் கிடைத்தது.

இரண்டு நடையும் எதிரெதிராகச் சுற்றி, ஓடைமேல் இருக்கிற பலகைப் பாலத்தில் சந்திக்கும். அதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் போகலாம், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. ஆகவே என் ஆட்கள் கயிற்றை விட்டுவிட்டு ஒவ்வொருவராக வருவார்கள். நான் அக்கரையில் நின்று வருகிறவர் கையில் அவர் முடிச்சை வைப்பேன். பக்கத்திலேயே என் மைத்துனனின் ஆட்கள் எங்களுக்கு வழிவிட்டு வரிசையாக நிற்பார்கள், அவன் வரிசையின் தலையில், கயிற்றின் வால் என் காலடியில். அந்த வாலில் மூன்று முடிச்சு எப்போதும் காலி. அவ்வளவுதான், ஐயா. வருகிறவர் கையில் என் கயிற்றுக்குப் பதிலாக அவன் கயிற்றை வைத்தால் ஆள் அந்தப் பக்கம் போய்விடுவார். வந்த பாலத்தையே திரும்பக் கடக்கும்போதாவது சந்தேகம் வரும் என்று எதிர்பார்த்தேன். ஒருவருக்கும் வரவில்லை. இருட்டில் கயிறு போகிற பக்கம்தான் வழி.

முதலில் அனுப்பியது ஓர் இருமல்காரரை. நல்ல மனிதர். நடையின் நடுவில் அவரே என்னிடம் கேட்டார்.

"சார், நீங்க பேசற சத்தத்துல என் இருமல் வெளிய கேக்குதா?"

"கேக்குது," என்றேன்.

"அவ்வளவு பெருசாவா இருமறேன்?" என்று வருத்தப்பட்டார். அவர் நன்மைக்காகவும்தான் அனுப்பினேன்.

அடுத்த இரவு, நடக்கும்போது உடம்பெல்லாம் சரசரவென்று உரசுகிற மழைக்கோட்டு அம்மா. அதற்கடுத்து, சிப்ஸை வாயிலேயே ஊறவைத்துக் கடிக்காமல் தின்னும் வித்தை தெரிந்த ஒருவர். கடிக்கவில்லைதான், ஆனால் பாக்கெட்டை யார் பிரித்தது? மூக்கில் விசில் அடிக்கிற ஒரு கணக்காசிரியருக்குத் துணிக் கிளிப் மாட்டிப் பார்த்தேன். வாயால் விசில் அடிக்கத் தொடங்கினார். அவரையும் அனுப்பினேன். ஒரு புதுமணத் தம்பதி வந்தார்கள், மூன்றாம் முடிச்சும் நான்காம் முடிச்சும். இருவரில் யார் சிரிக்கிறார் என்று பிடிபடவில்லை. தனித்தனியாகச் சோதித்தால்தான் தெரியும் என்பதால் கணவரை அனுப்பினேன். அந்தப் பெண் அது தெரியாமல் பின்னால் கையை நீட்டி, "பயமா இருக்குங்க, கையைப் பிடிச்சுக்கோங்க" என்றார். அப்போது அவருக்குப் பின்னால் இருந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். பிடித்துக்கொண்டார். "எனக்கும் பயம்தாம்மா" என்றார். அந்தப் பெண் அலறவில்லை. நாகரிகமானவர். ஆனால் அதற்குப் பிறகு சிரிக்கவுமில்லை, ஆகவே அந்தச் சோதனையில் ஒன்றும் நிரூபணமாகவில்லை.

போகப்போக ஓர் இரவுக்கு மூன்று பேர்வரை அனுப்பினேன். நடை முடிந்து கூடத்துக்குப் போனால் எல்லாரும் எல்லாரோடும் சேர்ந்துவிடுவார்கள். மொத்தம் இருபத்துநாலு. கணக்கு எப்போதும் சரியாக இருந்தது.

சரியாக இல்லாதது ஒன்றே ஒன்று. நான் அனுப்பியவர்கள் எல்லாரும் அங்கே போய் விலங்குகளைப் பார்த்தார்கள். இருமல்காரர் முள்ளம்பன்றி பார்த்தார். மழைக்கோட்டு அம்மா ஒரே நடையில் ஆறு பார்த்தார். சீட்டில் நட்சத்திரமெல்லாம் வரைந்திருந்தார். எனக்கு இது முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. என் பக்கம் சத்தத்துக்குப் பயந்து ஓடுகிறவை எல்லாம் நேராக அவன் பக்கம் போய் விழுகின்றன. ஒரு வகையில், தினமும் நான்தான் அவனுக்கு விலங்குகளை ஓட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

முப்பத்தைந்தாம் இரவு, கூடத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மாமா, என் கயித்துல தினமும் மூணு பேர் கூடறாங்க."

"பருத்திக் கயிறு மாப்ளே. பனியில நனைஞ்சா நீளும்."

"கயிறு நீளும். ஆளுமா நீளும்?"

அவன் வாழ்நாளில் தொடர்ந்து பேசியது அதுதான் அதிகம் என்று நினைக்கிறேன். அதற்கே களைத்துப் போனான். மறுநாள் கயிற்றின் வாலிலிருந்த அந்த மூன்று முடிச்சையும் அறுத்து, பேசாமல் என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனான்.

இப்படித்தான் நேற்று இரவு வந்தது. கடைசி இரவு. பலகையில் அவன் நூற்று அறுபத்துமூன்று, நான் ஒரு தவளை. வேலை போனது எனக்குத் தெரியும். ஆனால் காரணம் தெரியாமல் போவதை என்னால் தாங்கிக்கொள்ள முடியாது, ஐயா. விசில் ஊதுகிற ஒவ்வொரு தடவையும் அது யாராக இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். ஒவ்வொருவராகப் பிடுங்கிப் பார்க்க இனி நேரமில்லை. மெயின் ஸ்விட்சையே அணைத்துப் பார்க்க வேண்டியதுதான்.

நேற்று மாலை என் மனைவி, "கடைசி நாளாச்சே, நானும் வர்றேன்" என்றாள். பன்னிரண்டாவது முடிச்சு காலியாக இருந்தது, கொடுத்தேன். ஏழாவதில் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு ஒருவர் வந்தார். அது நீங்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஆறாவதில் போட்டிருப்பேன். ஏழாவது ஆள் கால் வைக்கிற இடத்தில்தான் வேர் வந்து வந்து இடிக்கும் என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மன்னிக்க வேண்டும்.

பாலம் தாண்டி நூறு எட்டில் ஒரு பெரிய பொந்து மரம் இருக்கிறது. நாலு பேர் கை கோத்தால்தான் அணைக்கலாம். வயதான மரத்தில்தான் நல்ல பொந்து விழும், பொந்தில்தான் பறக்கும் அணில் குடியிருக்கும் என்று நான் தினமும் அங்கே நின்று இருபது நிமிடம் விளக்குவேன். பதினொரு வருஷத்தில் ஒரு தடவைகூட அது வெளியே வந்ததில்லை. ஆனால் நேற்று அந்த மரத்தைத் தேர்ந்தெடுத்தது அணிலுக்காக இல்லை, அளவுக்காக. கயிறு இருபத்துநாலு எட்டு. அதை வட்டமாக்கினால் குறுக்களவு எட்டு எட்டுக்குக் கொஞ்சம் குறையும். மரம் அதில் மூன்றை எடுத்துக்கொண்டால் எல்லாப் பக்கமும் இரண்டு எட்டுக்கு மேல் இடம் மிஞ்சும். வசதியாக நடக்கலாம்.

மரத்தைச் சுற்றி அவர்களை நடத்திக் கொண்டுவந்து, என் கையிலிருந்த முன் நுனியை என் மனைவிக்குப் பின்னால் தொங்கிய வாலோடு சேர்த்துக் கட்டினேன். இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு. அவள் கைக்குப் பக்கத்திலேயே கட்ட வேண்டியிருந்ததால் தெரிந்துவிட்டது.

"என்ன பண்றீங்க?"

"நுனி பிரியுது. முடிச்சுப் போடறேன்."

"நீங்க எங்க போறீங்க?"

"முன்னால போய்ப் பாத்துட்டு வர்றேன்."

இருட்டில் என் கையைத் தேடித் தட்டிக்கொடுத்தாள். பிறகு, "அவசரமே இல்ல. மெதுவா வாங்க" என்றாள். இருபது வருஷத்தில் அவள் குரலில் அவ்வளவு கனிவு நான் கேட்டதில்லை.

மற்றவர்களிடம் சொன்னேன்: "இனிமே யாரும் பேசக் கூடாது. கயிறு போற பக்கம் நடந்துக்கிட்டே இருங்க. பாதை கொஞ்சம் இடப்பக்கமா வளையும்." இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவர்கள் கிளம்பினார்கள். பன்னிரண்டாவது பதினொன்றாவதைத் தொடர்ந்தது, முதலாவது பன்னிரண்டாவதைத் தொடர்ந்தது. ஒவ்வொருவருக்கும் முன்னால் யாரோ ஒருவர் நடந்துகொண்டிருந்தார். சந்தேகப்பட யாருக்கும் காரணமே இல்லை. சிவப்பு விளக்கை எடுத்துக்கொண்டு நான் போய்விட்டேன்.

ஆம், நான்தான் செய்தேன். பன்னிரண்டு பேரை, அதில் ஒருவர் என் மனைவி, ஒருவர் நீங்கள், ஒரு மரத்தைச் சுற்றி எழுபது நிமிடம் நடக்க விட்டது நான்தான். அறியாமல் செய்யவில்லை, கோபத்தில் செய்யவில்லை, அளந்து செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள்.

நான் திரும்பி வந்தபோது நீங்கள் எல்லாரும் அதே வேகத்தில் நடந்துகொண்டிருந்தீர்கள். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். அத்தனை சுற்று இழுபட்டதில் கல்லாகியிருந்தது. சரி என்று முதலாவது ஆளைப் பிடித்து, உங்களை வளையமாகவே இரட்டை வரிசையில் ஓட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். பாலத்தில் ஒவ்வொருவராகக் கடக்கவிட்டு மறுபடி வளையத்தில் சேர்த்தபோதுகூட யாரும் எதுவும் கேட்கவில்லை. கூடத்தில் விளக்கு வெளிச்சம் விழுந்தபோதுதான் பன்னிரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வட்டமாக நின்றீர்கள். கயிற்றுக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த என் மைத்துனன் நிமிர்ந்து பார்த்தான். உங்கள் எல்லாரையும் நோக்கிக் கையை நீட்டினான்.

"அதோ," என்றான்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். நீங்கள் தொப்பியைக் கழற்றினீர்கள். உங்கள் குறிப்பில், "பாதை நீளமாகவும் சமமாகவும் இருந்தது, வேர்கள் சீரான இடைவெளியில் வந்தன" என்று எழுதியிருப்பதாக இப்போது சொன்னீர்கள். துல்லியமான கவனிப்பு. என் மனைவி மூன்றாவது சுற்றிலேயே கண்டுபிடித்துவிட்டாளாம். மொத்தம் தொண்ணூற்றிரண்டு சுற்று என்று எண்ணியும் வைத்திருக்கிறாள். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "இவ்வளவு நிம்மதியா ரெண்டு பேரும் எங்கயும் போனதில்லையே" என்றாள். நான் அங்கே இல்லையே என்று ஞாபகப்படுத்தினேன். "ஆமாம்" என்றாள். காட்டுக் காற்று அவளுக்கு ஒத்துக்கொள்கிறது.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற அந்தச் சீட்டுகளுக்கு வருகிறேன். பறக்கும் அணில் பொந்திலிருந்து நாலு தடவை உங்கள் தலைக்கு மேலே மிதந்து போனது, முள்ளம்பன்றி ஒன்று இரண்டு குட்டிகளோடு வந்து வரிசையில் என் மனைவிக்குப் பின்னால் முக்கால் சுற்று நடந்தது, மரநாய், ஆந்தை, எல்லாம் சேர்த்து இருபத்தொன்று. மையத்தின் வரலாற்றில் ஒரே இரவில் இத்தனை யாரும் பார்த்ததில்லை. என் கயிற்றில் பார்த்தவை, ஆகவே என் கணக்கில்தான் வர வேண்டும், ஆனால் நான் வாதாடவில்லை. ஒரு சீட்டில், "வழிகாட்டி மிகச் சிறந்தவர், இருப்பதே தெரியவில்லை" என்று எழுதியிருந்தது. அதை மட்டும் நான் வைத்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும். பதினொரு வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு.

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. என் சோதனையின் முடிவு என்ன என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை.

உங்களை விட்டுவிட்டு மிச்சப் பாதை முழுவதையும் நான் தனியாக நடந்தேன். இருமல் இல்லை, மழைக்கோட்டு இல்லை, சிப்ஸ் இல்லை, புதுமணத் தம்பதி இல்லை. எனக்குப் பின்னால் கயிறும் இல்லை, ஆளும் இல்லை. நானும் என் விளக்கவுரையும் மட்டும். விளக்கவுரையை நிறுத்தவில்லை, ஏனென்றால் அது சரியாக ஒரு மணி ஐம்பது நிமிடம், நடையும் அதே அளவு. நடுவில் விட்டால் கோவை அறுந்துபோகும். அதோடு, ஒரே ஒரு நிபந்தனையை மாற்றி மற்றதையெல்லாம் வழக்கம் போல வைத்திருந்தால்தான் அது சோதனை.

ஒன்றும் வரவில்லை, ஐயா. ஒரு விட்டில் பூச்சிகூட இல்லை.

ஒரே ஒரு இடத்தில், மேட்டில் ஏறியபோது மூச்சு வாங்கியது, நின்றேன். வலப்பக்கம் சருகு அசைந்தது. இன்னும் கொஞ்சம் அசைந்தது. நெருங்கி வந்தது. கனமான நடை, நாலு கால், இரண்டு புதருக்கு அப்பால். பதினொரு வருஷத்தில் இவ்வளவு பக்கத்தில் எதுவும் வந்ததில்லை. அது எதுவாக இருக்கலாம், கால் வைக்கிற தாளத்திலிருந்து அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று விளக்கத் தொடங்கினேன். சடாரென்று திரும்பி ஓடிவிட்டது.

உட்கார்ந்து யோசித்தேன். பன்னிரண்டு பேரும் மரத்தடியில். ஆகவே குற்றவாளி அந்தப் பன்னிரண்டில் இல்லை. உங்கள்மேலும், இருமல்காரர்மேலும், அந்தத் தம்பதிமேலும் இத்தனை நாள் சந்தேகப்பட்டதற்கு மனப்பூர்வமாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அப்படியானால் மிச்சம் ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. கயிற்றுக்கு வெளியே, பன்னிரண்டாவது முடிச்சுக்குப் பின்னால், பதினொரு வருஷமாக இன்னொருவர் என்னோடு நடந்துகொண்டிருக்கிறார்.

வண்டி நிறுத்துமிடத்துக்குப் போகச் சொன்னால் போகிறேன். விசிலும் ஊதுகிறேன். அதற்கு முன் ஒரே ஒரு இரவு கொடுங்கள், அவரைப் பிடித்து உங்கள் முன் நிறுத்துகிறேன். சுலபமில்லை. ஆள் படு கெட்டிக்காரர். யாரென்று காது கொடுத்துக் கேட்கலாம் என்று நான் பேச்சை நிறுத்தினால், அந்த நொடியே அவரும் நிறுத்திவிடுகிறார்.